அத்தாயி வீட்டு முள்

அரசாங்கத்துக்கு முழங்கால் வாதம் என்பது அத்தாயியின் முடிவான கருத்து. "பாவமுங்க, அதுனால மலை ஏற முடியறதில்ல. கீழயே குக்கியிருந்து எழுதிக்கும்" என்பாள். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே மிளகுக் கடை வைத்திருந்த சையத் இப்ராஹிம் இதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். அவளுக்காக மனு எழுதி எழுதியே கையெழுத்து அழகானவர் அவர். அத்தாயி சிரித்ததில்லை. நோய் என்னவென்று சொல்லும்போது யாராவது சிரிப்பார்களா?

அவளுடைய ஊர் மாரமங்கலத்துக்கும் அப்பால், தார் ரோடு சலித்துப்போய் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மேடு ஏறினால் வரும் கருங்காடு. முப்பது வீடு. ஒரு வீட்டுக்கும் பூட்டு கிடையாது. ஊரே கிளம்பி எங்காவது போனால், ஆடு நுழைந்துவிடாமல் இருக்க, வாசலில் ஒரு கட்டு முள்ளை இழுத்துச் சாத்திவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போவார்கள். அந்த ஊரில் பூட்டுப் போட்ட ஒரே கட்டிடம், அரசாங்கம் கட்டிக்கொடுத்த சுகாதார நிலையம்தான். மஞ்சள் சுண்ணாம்பு, நீல எழுத்தில் பலகை, உள்ளங்கை அகலத்தில் பூட்டு. அதன் படிகளில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. கட்டிய நாள்முதல் அந்தக் கட்டிடத்தால் பயனடைந்தவை என்று சொன்னால் அவைதான்.

சின்னையன் அத்தாயிக்குப் பத்து வயது இளைய தம்பி. அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்தாள். வளர்த்தது அத்தாயி. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருடம் இருந்து பார்த்தாள். "உன் தம்பி வேணுமா, நான் வேணுமா" என்று புருஷன் ஒருநாள் கேட்டான். அவள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வதுகூட அவளுக்குக் கேவலமாகப் பட்டது. அதன்பிறகு சாமையும் ராகியும் கொஞ்சம் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும், தம்பியும்தான் அவளுக்கு.

எழுபத்தைந்தாம் வருடத்து ஐப்பசி மழையில் சின்னையன் தூங்குவதை நிறுத்தினான். மரங்கள் தன்னைப் பற்றிப் பேசுகின்றன என்றான். மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு மரமாகப் போய்க் காது வைத்துக் கேட்டான். அத்தாயி அவனைக் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு மூன்று முறை அழைத்துப் போனாள். மூன்று முறையும் ஆடுகள்தான் எழுந்து வழிவிட்டன. நான்காவது முறை நர்ஸ் இருந்தாள். தடுப்பூசிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "இதெல்லாம் எங்க லிஸ்ட்ல வராதும்மா" என்றாள். ஏற்காட்டுப் பக்கம் ஒரு டாக்டரிடம் நடந்தார்கள். அவர் சின்னையனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். "தூக்கம் வரலைன்னா நல்லா வேலை செய்யச் சொல்லு" என்றார்.

சின்னையன் வேலை செய்தான். தை மாதம் ஒருநாள் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியோடு போனவன், மரங்களிடம் தன்னைக் காட்டிக்கொடுப்பது எஸ்டேட் வாட்ச்மேன் அங்கப்பன்தான் என்று கண்டுகொண்டு, அவர் கையில் ஒரு போடு போட்டான். இரண்டு விரல் போயிற்று.

சேலம் கோர்ட்டில் அங்கப்பன் கட்டுப்போட்ட கையோடு சாட்சி சொன்னார். "பையன் மேல கோவமில்லீங்க சாமி. எங்கூரு ஆஸ்பத்திரி தெறந்திருந்தா என்ற வெரலு இருந்திருக்கும்" என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி அவரை அதட்டினார்கள். அந்த வழக்கில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்; அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. புத்தி சுவாதீனமில்லாதவன் என்பதால் சின்னையன் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பாயிற்று. குற்றவாளி அல்லாதவனை, அரசாங்கத்தின் மறு உத்தரவு வரும்வரை, கல்மேடு மனநல மருத்துவமனையின் பூட்டு வார்டில் வைக்கச் சொன்னார்கள்.

கல்மேடு மலையிறங்கி, ரயில் மாறி, ஒரு முழுப் பகல் தூரம். ஒவ்வொரு பங்குனியிலும் மிளகு பறித்துக் காயவைத்த கையோடு அத்தாயி அங்கே போனாள். வாசல் கேட்டில் தடித்த நோட்டு ஒன்று இருந்தது. யாரைப் பார்க்க, என்ன உறவு என்று வாட்ச்மேன் எழுதுவான். அவள் இடது பெருவிரலை மையில் ஒற்றி வைப்பாள். அப்புறம் இரண்டு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் ஒருவன் வந்து மற்றவன் டீ குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பான்.

மூன்றாவது வருடம் போனபோது சின்னையன் கேட்டான்: "ஏக்கா, கெழக்கால மரத்துக் கொடி தளுத்துச்சா?"

அத்தாயி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி. "தளுத்துச்சு சாமி. மரத்தையே மூடிப்போட்டுது."

"மரமெல்லாம் இப்பப் பேசறதில்லக்கா."

"பேசாது கண்ணு. அதுக்கு வேற சோலி இருக்குது."

அந்த வார்டின் வார்டர் ஏசுராஜ் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மற்றவர்களைப்போல, அவள் தம்பிக்குக் கொண்டுவரும் ஆரஞ்சுப் பழத்தில் பாதி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறவன் அல்ல. ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன். "அக்கா, இவனுக்குச் சுகமாயிடுச்சு. பெரிய டாக்டரே எழுதிட்டாரு. உறவுக்காரங்க பொறுப்பேத்துக்கிட்டா விடலாம்னு ஃபைல் மேல போயிருக்கு" என்றான்.

"நான் இங்கதான நிக்கறேன்? பொறுப்பை என்ற கையில குடுக்கச் சொல்லுங்க."

"அது அப்படியில்லக்கா. மேல போயி, அங்கேருந்து உங்க ஜில்லாவுக்கு வந்து, தாலுக்காவுக்கு வந்து, உங்க ஊருக்கு வந்து விசாரிச்சு, திரும்பி மேல போகணும்."

"இங்கிருக்கற என்னைப் பாக்கறதுக்கு எங்கூருக்குப் போறானுங்களா?"

"அதான் ரூலு அக்கா" என்றான் ஏசுராஜ்.

போகும்போது அவள் இன்னொன்றையும் பார்த்தாள். பூட்டு வார்டிலிருந்து சின்னையனை வெளியே கூட்டிவந்து, கையில் அரிவாள் ஒன்றைக் கொடுத்து, சூப்பிரண்டு பங்களாவின் புல்லையும் ரோஜாச் செடியையும் சரிசெய்ய விட்டார்கள். கையில் கத்தி எடுத்ததற்காக நான்கு பூட்டுக்குள் வைக்கப்பட்டவன். காலையில் அரிவாளைக் கொடுத்து, சாயங்காலம் வாங்கிக்கொண்டு, ஆபத்தானவன் என்று மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அவன் வந்தபிறகு ரோஜா நன்றாகப் பூத்தது.

வருடம் ஒன்றரை போயிற்று. ஒருநாள் தபால்காரர் மேடேறி மூச்சு வாங்க வந்து, ராகி புடைத்துக்கொண்டிருந்த அத்தாயியின் கையில் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தார். அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தாள். இப்ராஹிம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தார். படித்தவர் கடிதத்தைத் திருப்பி மேல்விலாசத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"என்னங்க பாயி, உடறாங்களா?"

"அத்தாயிம்மா, உனக்கு எழுதியிருக்காங்க. கருங்காடு, அத்தாயி அவர்களுக்குன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க, அதான் வந்துச்சு."

"உள்ள என்ன எழுதியிருக்குன்னா, மேற்படி நோயாளியின் சகோதரி அத்தாயி என்பவர் மேற்படி கிராமத்தில் வசிக்கவில்லைன்னு எழுதியிருக்கு."

அத்தாயி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இப்படி ஒன்று எழுதியிருக்கிற காகிதம் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். மற்ற காகிதங்களைப்போலவே இருந்தது. அடியில் வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை.

"தாலுக்கா ஆபீஸ் ஆர்.ஐ. நேர்ல வந்து விசாரிச்சாராம். வீடு பாழடைஞ்சு, வாசல் முள்ளால அடைக்கப்பட்டு, பல காலமா ஆள் நடமாட்டம் இல்லாம இருந்துச்சாம். அக்கம்பக்கத்துலயும் விசாரிக்க யாரும் இல்லையாம்." இப்ராஹிம் விசாரித்த தேதியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய பழைய காலண்டர்களை எடுத்து, போன வருடத்ததைத் தேடிப் புரட்டினார். அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டார். "அட அல்லாவே. அன்னிக்குச் சேர்வராயன் பண்டிகை!"

வருடத்தில் ஒரே ஒரு நாள் கருங்காட்டில் மனித வாடையே இருக்காது. வைகாசியில் சேர்வராயன் கோயிலுக்கு மலையூர்கள் அத்தனையும் உச்சிக்குப் போய்விடும். கைக்குழந்தையும் கிழவர்களும், கூடவே நாய்களும் போகும். முப்பது வாசலிலும் முள் சாத்தியிருக்கும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளிலும் அவள் அங்கேதான் இருந்தாள். அந்த ஒரு நாளில்தான் பண்டிகைப் பந்தோபஸ்துக்கு மேலே ஜீப் வரும்; ஜீப் வந்தால்தான் ஆர்.ஐ.யும் வருவார். சமவெளி ஆள். அவர் ஊரில் வாசலில் முள் கிடந்தால் அந்த வீட்டுக்காரர்கள் ஒழிந்துபோனார்கள் என்று அர்த்தம். முப்பது வீட்டிலும் அப்படியே கிடக்கிறதே, ஊரே ஒழிந்துபோயிருக்குமா என்று அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குத் தனிப்படி இல்லை. அன்றைக்கு அத்தாயியின் சேவல் ஒன்றும் காணாமல் போயிருந்தது. நரி தூக்கியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அன்றுமுதல் நரியின்மேல் அவளுக்கிருந்த சந்தேகம் குறைந்தது.

அதன்பிறகு ஆறு வருடம் இப்ராஹிம் மனு எழுதினார். நான் இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன், கருங்காட்டில் இருக்கிறேன் என்று அத்தாயி எழுதச் சொன்னாள். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று கருங்காட்டில் இல்லாத அத்தாயிக்குக் கருங்காட்டுக்கே பதில் வந்தது. தபால்காரர் ஒருமுறைகூட வழிதவறவில்லை. ஒவ்வொரு பங்குனியும் அவள் கல்மேட்டுக்குப் போய்ப் பெருவிரலை வைத்தாள். சின்னையனுக்கு நெற்றிக்கு மேல் நரைத்தது. கொடி தளிர்த்ததா என்று கேட்பதை அவன் மெதுவாக விட்டுவிட்டான். அவள் சொன்னால் மட்டும் தலையாட்டினான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

எண்பத்தேழாம் வருடம் ஏசுராஜ் இப்ராஹிம் கடை விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டான். உறவினர் இல்லாதவர்கள் என்று பட்டியல் எடுக்கிறார்கள். அவர்களை எல்லாம் பின்பக்கத்துப் பழைய கட்டிடத்துக்கு நிரந்தரமாக மாற்றப்போகிறார்கள். அங்கே பார்வையாளர் நேரம் கிடையாது. பட்டியலில் சின்னையன் இருக்கிறான். இந்தத் தேதியில் மேற்பார்வைக் கமிட்டி வந்து கையெழுத்துப் போடுகிறது. அக்கா உடனே வரவும்.

அத்தாயி போனாள். கேட்டில் அன்றைக்கு வாழைமரம் கட்டியிருந்தது. அவள் விரல் வைத்துக்கொண்டிருக்கும்போது ஏசுராஜ் காதோடு சொன்னான்: "உள்ள எல்லாக் கட்டில்லயும் புதுப் பெட்ஷீட்டு. உக்காந்தா அடி விழும்னு சொல்லி வெச்சிருக்கோம். சாயங்காலம் எண்ணித் திரும்ப ஸ்டோருக்குப் போயிடும்."

கமிட்டி ஏழு பேர். வடை சாப்பிட்டுவிட்டு வரிசையாக நடந்தார்கள். சுவரோரம் நிறுத்திவைக்கப்பட்ட மனிதர்களிடம் "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் போனார்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் ருசி பார்த்து, பிரமாதம் என்றார்கள். அன்றைக்கு அது உண்மைதான். கடைசியில் சூப்பிரண்டு தன் ரோஜாத் தோட்டத்தைக் காட்ட அழைத்துவந்தார். அங்கே சின்னையன் அரிவாளோடு நின்றான். பக்கத்தில் அத்தாயி நின்றாள்.

"இவங்க யாரு?" என்று கேட்டார் கமிட்டியிலிருந்த ஒரு டாக்டரம்மா.

"நான் இல்லைங்க" என்றாள் அத்தாயி.

"என்னது?"

"இவன்ற அக்கா நானு. ஆனா நான் இல்லைன்னு உங்க ஃபைல்ல எழுதியிருக்குது. பாருங்க."

ஃபைல் வந்தது. எழுதியிருந்தது. டாக்டரம்மா முகம் சிவந்தார். சூப்பிரண்டு குறுக்கிட்டு, அடையாளம் நிரூபணமாக வேண்டுமல்லவா, வழியில் போகிற யார் வேண்டுமானாலும் வந்து அக்கா என்று சொல்லலாமே என்றார்.

"வழியில போறவ பதினோரு வருசமா ஆரஞ்சு தூக்கிட்டு வருவாளாங்க? உங்க கேட்டுல ஒரு நோட்டு இருக்குது. அதுல என்ற பெருவெரலு இருக்குது. கொண்டாரச் சொல்லுங்க."

பதினோரு நோட்டில் ஏழுதான் கிடைத்தது. மீதியைக் கரையான் பரிசீலித்துவிட்டிருந்தது. ஏழிலும் இருந்தது. சின்னையன், உறவு அக்கா, கருங்காடு, பெருவிரல். அவள் இருக்கிறாள் என்பதற்கான சாட்சி வாசலில் இருந்தது. இல்லை என்பதற்கான சாட்சி ஆபீஸ் அறையில் இருந்தது. நடுவில் நாற்பதடி. அந்த நாற்பதடியை ஏழு வருடமாக ஒருவரும் நடக்கவில்லை.

அவ்வளவுதான், விட்டுவிடுவார்கள் என்று ஏசுராஜ்கூட நினைத்தான். ஆனால் பெரியவர்கள் தள்ளிப்போய்க் குசுகுசுத்தார்கள். தாலுக்கா அறிக்கை தப்பு என்று எழுதினால், யார் தப்பு, ஏன் தப்பு, இத்தனை வருடம் யார் கவனிக்கவில்லை என்று வால் நீளும். ஒரு கிளார்க் தட்டச்சு செய்து ஒரு காகிதம் கொண்டுவந்தார். விரல் வைக்கச் சொன்னார்.

"என்ன எழுதியிருக்குதுங்க? படிங்க."

"அத்தாயி ஆகிய நான் பிழைப்பின் நிமித்தம் வெளியூர் சென்றிருந்து, தற்போது சொந்த ஊர் திரும்பியுள்ளபடியால், என் தம்பியைப் பொறுப்பேற்க முன்வருகிறேன்."

"மறுக்காப் படிங்க."

படித்தார்.

"நான் எங்கியும் போகலியே."

"இது ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா" என்றார் சூப்பிரண்டு. "இதுல வெச்சா இந்த வருஷமே விட்டுடலாம். வேண்டாம்னா புதுசா விசாரணைதான். திரும்பத் தாலுக்காவுக்குப் போகணும்." அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

டாக்டரம்மா ஒரு ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தாயி தம்பியைப் பார்த்தாள். கூட்டம் வந்தபோது அரிவாளைப் பிடித்தபடி நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். கீழே போடலாம் என்று யாரும் சொல்லவில்லை; சொல்லாமல் போடுகிற வழக்கம் அவனுக்குப் போய்விட்டது. வெயில் அவன் நரையில் விழுந்தது. இதற்குமேல் யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை.

"அந்தத் தாலுக்கா மனுசன் ஒருநாள் மலையேறி வந்து ஒரு பொய் எழுதினான்" என்றாள். "அதைத் தூக்கி நிறுத்தறதுக்கு இத்தன படிச்சவங்க தோள் குடுக்கறீங்க. குடுங்க."

விரலை அழுத்தி வைத்தாள். கிளார்க் துடைக்கத் துணி தேடினார். அத்தாயி பக்கத்து வார்டின் திறந்த கதவு வழியாக உள்ளே போய், முதல் கட்டிலில் விரித்திருந்த வெள்ளை வெளேரென்ற புதுப் பெட்ஷீட்டின் நட்ட நடுவில் பெருவிரலை நன்றாகத் துடைத்தாள். ஸ்டோர் கிளார்க் "ஐயோ, எண்ணித் திருப்பணுமே!" என்று அலறினான். சுவரோரம் நின்றவர்களில் ஒருவன் கைதட்டினான். பைத்தியம் என்று அவனை விட்டுவிட்டார்கள்.

இந்த வருஷமே என்றது ஒரு வருஷத்தைத் தாண்டிற்று. எண்பத்தெட்டு மார்கழியில் சின்னையன் வீட்டுக்கு வந்தான். கிழக்கு மரத்தடியில் வெகுநேரம் நின்றான். காது வைக்கவில்லை. கொடியைத் தொட்டு, "நொம்ப ஏத்தி உட்டுட்டியேக்கா, எப்படிப் பறிக்கறது" என்றான். அங்கப்பன் மூன்று விரல் கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். இருவரும் பழத்தைப் பாதிப் பாதி தின்றார்கள்.

அவனுக்குத் தினமும் மாத்திரை வேண்டும். சுகாதார நிலையத்தில் அது கிடையாது. மாதம் ஒருமுறை சேலத்துக்குப் போய் வாங்கினார்கள். ஆடுகள் படியில்தான் படுத்தன.

இரண்டு வருடம் கழித்து இப்ராஹிம் மூலம் சேதி வந்தது. ஏற்காட்டில் மனநலம் பற்றி அரசு முகாம் நடக்கிறது. பந்தல், மைக், போட்டோ. அரசு மருத்துவத்தால் குணமாகி வீடு திரும்பிய மலைவாசி ஒருவரை மேடையேற்றிச் சால்வை போர்த்த ஆசைப்படுகிறார்கள். தாசில்தாரே ஜீப்பில் வந்து அழைத்துப்போவார்.

"தாசில்தார் ஆருங்க பாயி?"

இப்ராஹிம் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு ஆர்.ஐ.யா இருந்தாரே, அவர்தான். ரெண்டு புரமோஷன் ஆயிருச்சு."

"ஆகுமுங்க. ஏற முடியாதவனைத்தான் ஏத்தி உடுவாங்க" என்றாள் அத்தாயி.

முகாம் அன்று காலை ஜீப் சத்தம் மேட்டுக்குக் கீழே கேட்டதும் அவள் களி கிண்டுவதை நிறுத்தினாள். கொல்லையிலிருந்து முள்கட்டை இழுத்துவந்து, உள்ளே இருந்தபடியே வாசலில் சாத்தினாள். திரும்பப் போய்க் களியைக் கிண்டினாள்.

தாசில்தார் இப்போது கனத்திருந்தார். மேடேறியதில் மூச்சு இரைத்தது. டவாலி முன்னால் வந்து, வாசலையும் கூரை வழியே கசிந்த புகையையும் மாறிமாறிப் பார்த்தான். "ஏனுங்க, ஊட்ல ஆரு?"

"ஆருமில்லீங்க" என்றாள் உள்ளேயிருந்து அத்தாயி.

"யாரும்மா பேசறது? அத்தாயிங்கறது நீதான?" இது தாசில்தார்.

"அந்தம்மா இந்த ஊர்ல இல்லீங்க சாமி. முள்ளு கெடக்குது பாருங்க. நீங்க விசாரிச்சு எழுதினதுதானுங்க. அழிச்சு எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

முள்ளை ஒதுக்க ஒரு கால் போதும். அந்தக் கால் நகரவில்லை. பக்கத்து வாசல்களில் ஜனங்கள் கூடி நின்று, விசாரித்தால் சொல்ல ஆயத்தமாக இருந்தார்கள். அவர் விசாரிக்கவில்லை. ஜீப் கிளம்பி இறங்கும் சத்தம் கேட்டது.

அடுப்பருகே தட்டோடு உட்கார்ந்திருந்த சின்னையன் முதலில் தோள் குலுங்கினான். அத்தாயி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருடத்தில் அவள் கேட்காத சிரிப்பு.

"ஏக்கா," என்றான், "ஆருமில்லாத ஊட்ல களி ஆருக்கு?"

"இல்லாதவனுக்குத்தான். தட்டை நீட்டு" என்று அவள் ஒரு உருண்டை வைத்தாள்.